குழிக்குள் கூவிய சேவல்

"ஜெமேலி! இங்க கொட்டுது! மலாபாவுல கொட்டு கொட்டுன்னு கொட்டுது!"

தேநீர்க் கோப்பையை வாயருகே கொண்டுபோன ஜெமேலியின் கை அப்படியே நின்றது. ஃபோனில் கத்தியவன் அவள் கணவன் தோரோய்திச். உகாண்டா எல்லையில், லாரிகளின் முடிவில்லாத வரிசையில், தன் லாரிக்குள் முடங்கிக் கிடக்கிறான்.

"மேகம் எந்தப் பக்கம் போகுது?"

"எந்தப் பக்கமா? உன் பக்கந்தான்! நான் இங்க மாட்டிக்கிட்டேன், மழைக்கு என்ன, பாஸ்போர்ட்டா வேணும்? சாயங்காலத்துக்குள்ள மோய்பென் வந்துடும். மூடிடு ஜெமேலி, எப்படியாவது குழியை மூடிடு!"

"மூடறதுக்கு முன்னாடி நிரப்ப வேண்டாமா?" என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தாள். மீதித் தேநீர் ஆறிப்போனது. அதைக் குடிக்க யாருக்கு நேரம்?

இது அவளுக்கு இரண்டாவது குழி. முதல் குழியின் கதை மோய்பென் சந்தைக்குப் போய்வரும் கழுதைகளுக்குக்கூடத் தெரியும். ஊரே மக்காச்சோளம் விதைக்கும் மண்ணில், ஆற்றோரத் துண்டில் அவள் மட்டும் குதிரைமசால் விதைத்தாள். மனிதர் தின்னும் உகாலிக் களிக்கு மாவு தரும் நிலத்தில் மாட்டுக்குப் புல்லா என்று அன்றைக்கே பாதி ஊர் வாயில் கை வைத்தது.

புல் என்னவோ அமோகமாகத்தான் வந்தது. கோளாறு அதற்கப்புறம். மக்காச்சோளத் தட்டையைப் பச்சையாக நறுக்கிக் குழியில் அமுக்கி மூடினால் அருமையான சைலேஜ் ஆகும், அதாவது மாட்டுக்கு ஊறுகாய். இங்கே எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஜெமேலியும் அதே பழக்கத்தில், பனி காயாத குதிரைமசாலை வெட்டிய கையோடு நறுக்கிப் போட்டு மூடினாள். குதிரைமசாலுக்கோ உடம்பெல்லாம் தண்ணீர், இனிப்பு கொஞ்சமும் பற்றாது. குழியைத் திறந்த அன்று உள்ளே கருப்புக் கூழ்! மாடுகள் ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு, அவளையும் ஒருமுறை பார்த்துவிட்டு, திரும்பி நடந்தன. 'நாத்தக்குழிக்காரி' என்ற பட்டம் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது.

பட்டத்தைக்கூடப் பொறுத்துக்கொள்வாள். ஆனால் நிலம் இன்னும் பிரிக்கப்படாத நிலம். மாமனார் போனபின் அதில் முடிவு சொல்பவர் தோரோய்திச்சின் அண்ணன் கிப்தாலம்தான். அவர் போனால் போகிறதென்று கொடுத்த கடைசி வாய்ப்பு இன்றோடு முடிகிறது.

அந்தக் கிப்தாலமே வேலிக் கதவைத் திறந்துகொண்டு வந்துகொண்டிருந்தார். எந்த வெயிலிலும் கழற்றாத கோட்டு, எந்தக் கல்யாணத்திலும் கழற்றாத தொப்பி. பின்னாலேயே அவர் மனைவி தாப்கிகென், கையில் சுரைக்குடுவையோடு.

"என்ன ஜெமேலி, இன்னிக்குக் காத்து எந்தப் பக்கம் வீசும்? மூக்கைப் பொத்திக்கிட்டு எங்க உக்காரணும்னு முன்கூட்டியே சொல்லிட்டா நல்லது."

"மூக்கு உங்களோடது மாமா, எங்க வேணா வெச்சுக்குங்க," என்றாள் ஜெமேலி. "நேத்தே வெட்டி வாடப் போட்டுட்டேன். இந்தத் தடவை பனி ஈரம் கிடையாது. இனிப்புக்குப் பாகும் வாங்கி வெச்சிருக்கேன்."

"கொக்கரக்கோ!" என்றது அவர் சட்டைப்பை.

அது அவர் ஃபோன். சேவல் கூவும் அந்த மணி ஊர் முழுக்கப் பிரசித்தம். சர்ச்சில்கூடக் கூவியிருக்கிறது. கிப்தாலம் எடுத்துப் பார்த்து, ஏதோ தவறான எண் என்று வைத்தார்.

"கிமாயோன்னு நெனச்சேன். அவன் சாயங்காலந்தான் கூப்பிடுவான்."

கிமாயோ குத்தகைக்காரன். பெரிய டிராக்டரும் வட்டுக்கலப்பையுமாக ஊர் ஊராக மக்காச்சோள நிலம் தேடி அலைபவன்.

"தெளிவாச் சொல்லிடறேன்மா," என்றார் கிப்தாலம். குரலில் இப்போது கேலி இல்லை. "அவன் கூப்பிடறப்ப நான் வேண்டாம்னு சொல்லணும். சொல்லலைன்னா சரின்னு அர்த்தம், கலப்பையோட வந்து இறங்கிடுவான். அப்படித்தான் பேசி வெச்சிருக்கோம். அதுக்குள்ள குழி நிரம்பி, தாள் போர்த்தி, மேல மண்ணு விழுந்திருந்தா வேண்டாம்னு சொல்றேன். சொன்னா சொன்னதுதான்."

"பாதி மூடியிருந்தா?"

"பாதிக் குழிக்குப் பாதி நிலம்னு பேரம் பேசாதே. மூடினா உன் புல்லு. இல்லைன்னா மக்காச்சோளம்."

சொல்லிவிட்டு ஒரு காலி டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு, வேடிக்கை பார்க்க வசதியாக உட்கார்ந்துகொண்டார்.

ஜெமேலி வயலுக்குள் இறங்கினாள். நேற்று அறுத்துப் பரப்பிய புல் வரிசை வரிசையாகக் கிடந்தது, அங்கங்கே ஊதா மொட்டுகளோடு. ஒரு கைப்பிடி அள்ளி முறுக்கினாள். விரித்துப் பார்த்தாள். உள்ளங்கையில் ஈரம் ஒட்டவில்லை. இலையும் நொறுங்கி உதிரவில்லை. அப்பாடா! அவளுக்குத் துள்ளிக் குதிக்கலாம் என்றிருந்தது. குதித்தேவிட்டாள்.

"வாங்கடி! அள்ளுங்கடி!"

அவளுடைய சீட்டுக் குழுப் பெண்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். அறுவடைக்காலத்தில் தங்கள் மக்காச்சோளத்தை விட்டுவிட்டு வந்தவர்கள். நறுக்கும் எந்திரம் இருமி, புகை கக்கி, உறுமிக் கிளம்பியது. இரண்டு பெண்கள் புல்லைத் திணிக்க, பச்சைத் துணுக்குகள் மறுபக்கம் பீய்ச்சி அடித்தன. சாக்கில் அள்ளி, குழிக்குள் கொட்டி, ஒரு சாண் உயரம் பரப்பி, தண்ணீரில் கரைத்த மொலாசஸ் பாகைத் தெளித்தார்கள். காற்றெல்லாம் இனிப்பும் பச்சை வாசனையும்.

"ஏய், விரலை நக்காதே, மாட்டுக்கு மிச்சம் வை!"

"நான் நக்கினா என்ன, நானும் பால் கொடுக்கறவதானே!" என்றாள் கைக்குழந்தைக்காரி ஒருத்தி. குழிக்குள் சிரிப்பு வெடித்தது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, வாடகை டிராக்டர்க்காரன் ஃபோன் செய்யும்வரை.

"அக்கா, மன்னிச்சுக்கோங்க. மக்காச்சோள மூட்டை ஏத்தற எடத்துல மாட்டிக்கிட்டேன். நாளைக்குக் காலையில முதல் வேலையா உங்களுதுதான்."

"நாளைக்கு வந்து என்னடா பண்ணப்போறே? என் கருமாதிக்கா?"

அவன் வைத்துவிட்டான். ஜெமேலி குழியைப் பார்த்தாள். பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது, ஆனால் பொசுபொசுவென்று. காலை வைத்தால் முழங்கால்வரை இறங்கியது. உள்ளே அத்தனையும் காற்று. காற்று இருந்தால் அழுகும். அழுகினால் இன்னொரு நாத்தக்குழி. டிராக்டர் ஏறி மிதிக்காமல் அந்தக் காற்றை வெளியேற்ற முடியாது.

நாண்டி மலைப் பக்கம் நிமிர்ந்து பார்த்தாள். அடிவானம் மை பூசிக்கொண்டிருந்தது. தோரோய்திச் சொன்ன மேகம், சொன்னபடி.

"மிதிங்கடி! காலால மிதிங்க!"

பெண்கள் குழிக்குள் குதித்தார்கள். கைகோத்து, பாட்டுப் போட்டு, மேலும் கீழும் எம்பி மிதித்தார்கள். ஜெமேலியும் மிதித்தாள். வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. ஓரத்தில் மிதித்தால் நடுவில் எழுந்தது, நடுவில் மிதித்தால் ஓரம் எழுந்தது. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளாக, சொன்னதைச் சமைத்து, சொன்னதை விதைத்து, சொன்னதை அறுத்தவள். ஒரே ஒரு முறை, இந்த மண் அவள் பேச்சைக் கேட்டு விளைந்திருக்கிறது. அதையும் உழுதுவிடுவார்களா?

டிரம் மேல் கிப்தாலம் சாவகாசமாகச் சுரைக்குடுவையைச் சாய்த்து, கோப்பை நிறைய முர்சிக் ஊற்றிக்கொண்டார். கரி பூசிய குடுவையில் மூடிவைத்துப் புளித்த பால், சாம்பல் நிறத்தில் கெட்டியாக இறங்கியது. ஒரு மிடறு இழுத்து, கண்ணை மூடிக்கொண்டார்.

"அடடா! தாப்கிகென், உன் கையில என்னதான் இருக்கு? இந்த மாசம் முழுக்க முர்சிக்னா இதுதான் முர்சிக். நம்ம செலேல் கிழட்டு மாடுன்னு எவன் சொன்னான்? நம்ம புல்லு, நம்ம மண்ணு! இந்த மாதிரி நறுக்கிப் புதைச்ச குப்பையெல்லாம் தின்னா இந்த ருசி வருமா?"

அதுவரை சாக்குகளைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்த தாப்கிகென் சாக்கைத் தடாலென்று கீழே போட்டாள்.

"வாய்வரைக்கும் வந்துடுச்சு, சொல்லிடறேன். வயித்துலேயே வெச்சிருந்து எனக்கும் முடியலை. செலேல் என்ன தின்னுதுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"ஏன், நம்ம மேய்ச்சல்..."

"மேய்ச்சலாம் மேய்ச்சல்! இவ வயல்லேர்ந்து நான் கட்டுக் கட்டா அறுத்துட்டுப் போறேன், ஒரு நாள் வாடவெச்சுப் போடறேன். இவளும் போனாப் போகுதுன்னு விட்டுட்டா, ஒரு வார்த்தை வெளிய சொல்லலை. உங்க மீசையில இப்ப ஒட்டிக்கிட்டிருக்கே, அந்த முர்சிக் அத்தனையும் இந்தக் குப்பைதான்!"

எந்திரத்தைக்கூட யாரோ நிறுத்திவிட்டார்கள். குழிக்குள் ஒரு பெண் தலைத்துணியின் நுனியை வாயில் அடைத்துக்கொண்டாள்.

கிப்தாலம் கோப்பையைப் பார்த்தார். புல் குவியலைப் பார்த்தார். மீசையைத் தடவி, விரலை முகர்ந்தார். எழுந்து வந்து ஒரு கைப்பிடி நறுக்கலை எடுத்து வாயில் போட்டு மென்றார். முகம் மட்டும் கல்லாக இருந்தது.

"மாசம் முழுக்கவா?"

"மாசம் முழுக்க."

"சந்தையில அத்தனை பேர் முன்னாடி பெருமை அடிச்சேனே, அப்பவுமா?"

"அப்பவும்."

அவர் வயிறு முதலில் குலுங்கியது. பிறகு தோள். பிறகு வாய்விட்டு, கண்ணில் நீர் வர, சிரித்தார் மனிதர்.

"கெடுத்தீங்களேடி! ரெண்டு பேருமாச் சேர்ந்து என்னை மாடாக்கிட்டீங்களே!" கண்ணைத் துடைத்துக்கொண்டு மேற்கே பார்த்தார். அடுத்த கணம் ஆளே வேறாகிவிட்டார். "என்னடி பாத்துக்கிட்டு நிக்கறீங்க? மழை தலைக்கு மேல வருது! என் டிராக்டரைத் தள்ள எத்தனை பேர் வர்றீங்க?"

எத்தனை பேரா? அத்தனை பேரும் ஓடினார்கள்.

அவருடைய சிவப்பு டிராக்டர் தானாகக் கிளம்பி வருஷக்கணக்காகிறது. சரிவில் தள்ளினால்தான் உயிர் வரும், விளக்கில் ஒரு கண் குருடு. பெண்கள் "ஹோ!" என்று தள்ள, அது உருண்டு, திணறி, டமாலென்று வெடித்துக் கிளம்பியது. கிப்தாலம் அதைக் குழியின் சரிவு வாயில் கொண்டுவந்து நிறுத்தினார். இறங்கி, சட்டைப்பையிலிருந்து ஃபோனை எடுத்தார்.

"இந்தக் குலுக்கல்ல கீழ விழுந்து சக்கரத்துல மாட்டும்," என்று தொப்பியைக் கழற்றி, ஃபோனை அதற்குள் பத்திரமாக வைத்து, நறுக்கிய குவியலின் உச்சியில் தொப்பியை வைத்தார். கல்யாணத்திலும் கழற்றாத தொப்பி! பெண்கள் கைதட்டினார்கள்.

அப்புறம் ஏறினார் பாருங்கள் குழிக்குள்! முன்னும் பின்னும், முன்னும் பின்னும். ஓரத்தை நசுக்கி, நடுவை நசுக்கி, மறுபடி ஓரம். பொசுபொசுத்த புல் படிந்து, இறுகி, பாய் விரித்தது போலாயிற்று. "போடு இன்னொரு அடுக்கு! பாகு தெளி! அந்த மூலை காலியா இருக்கு, கண்ணு தெரியலையா உங்களுக்கு?" என்று எந்திரச் சத்தத்துக்கு மேல் கத்தினார். இருபது வயது குறைந்திருந்தது அவர் குரலில்.

ஜெமேலி ஓடினாள். கொட்டினாள். தெளித்தாள். எதற்கென்று தெரியாமல் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

தாப்கிகெனும் சும்மா இருக்கவில்லை. குவியல் மேலிருந்த புருஷனின் தொப்பியை வெடுக்கென்று எடுத்துத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டு, இடுப்பில் கைவைத்து அவர் நடையை நடந்து காட்டினாள். "மூடினா உன் புல்லு, இல்லைன்னா மக்காச்சோளம்!" அதே குரல், அதே தோரணை. டிராக்டர் மேலிருந்தவரே சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் வேறு எதையும் யாரும் கவனிக்கவில்லை.

டிராக்டர் வெளியேறியது. கடைசிக் குவியலையும் வாரிக் குழியின் மேல் கூன்முதுகாகக் குவித்து, காலால் மிதித்து வழித்தார்கள். காற்று திடீரென்று குளிர்ந்தது. கருப்புத் தாளைப் பிரித்தபோது அது கையை விட்டுப் பறக்கப் பார்த்தது. நாலு மூலையிலும் பெண்கள் விழுந்து படுத்துப் பிடித்தார்கள். மண்வெட்டிகள் பாய்ந்தன. மண்ணுக்கு மேல் பழைய டயர்கள். கடைசி டயரைக் கிப்தாலமும் ஜெமேலியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிப் போட்ட நேரம், முதல் துளி தாளின் மேல் விழுந்தது. பட்டென்று. பிறகு படபடவென்று.

"மூடியாச்சு!" என்று ஜெமேலி கத்தினாள். "மாமா, மூடியாச்சு!"

மழையில் நின்று எல்லோரும் குலவையிட்டார்கள்.

"ஆமாம்மா, மூடிட்டே," என்றார் கிப்தாலம். "கூப்பிடட்டும் அந்தக் கிமாயோ. வேண்டாம்னு சொல்லி, முர்சிக் குடிக்கவும் வாடான்னு சொல்றேன்." சட்டைப்பையைத் தடவினார். பிறகு மனைவியின் தலையைப் பார்த்தார். "தொப்பியைக் கொடு. உள்ள இருந்த ஃபோனை எங்க வெச்சே?"

"எந்த ஃபோன்?"

"கொக்கரக்கோ!"

மெல்லிசாக, எங்கோ ஆழத்திலிருந்து. எல்லோரும் ஒரே சமயத்தில் கருப்புத் தாளைப் பார்த்தார்கள்.

"கொக்கரக்கோ!"

தாப்கிகென் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தாள். இரண்டு புல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. "ஐயோ, நான்தான்! நான் தொப்பியை எடுத்தப்ப..."

"வேற ஃபோன்ல கூப்பிடுங்களேன்!" என்று ஒருத்தி தன்னுடையதை நீட்டினாள்.

"நம்பர்? அவன் நம்பர் எனக்கு மனப்பாடமா? என் நம்பரே எனக்கு முழுசாத் தெரியாதும்மா!"

எடுக்கவில்லையென்றால் சரி என்று அர்த்தம். காலையில் அவர் சொன்ன வார்த்தை ஜெமேலியின் காதில் இடித்தது. கையிலிருந்த மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு தாளின் ஓரத்துக்குப் பாய்ந்தாள். "கிழிச்சுடறேன் மாமா! மேலாகத்தான் கிடக்கும். எடுத்துடலாம்!"

"தொடாதே!"

மண்வெட்டிக் காம்பைப் பிடித்துக்கொண்டார் கிப்தாலம். மழை அவர் மொட்டைத் தலையில் அடித்து மீசை வழியாக இறங்கிக்கொண்டிருந்தது.

"இந்த மழையில தொறந்தா உள்ள தண்ணி போகும். எங்கன்னு தோண்டுவே? இத்தனை பேர் மிதிச்ச மிதி வீணாப் போகும்."

"திறக்கலைன்னா நிலமே போயிடுமே மாமா!"

"புளிக்க மூடின குடுவையை பாதியில தொறந்து பாக்கற பொம்பளை நம்ம வீட்டுல உண்டா?"

"இல்லை."

"அப்ப இதையும் தொறக்காதே. கூவட்டும் அது. நான் நேர்ல போய்ச் சொல்றேன். கிமாயோ ஸிவா ஊர்ப் பக்கம் வண்டியைப் போட்டிருக்கான்னு கேள்வி." தொப்பியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். "தள்ளுங்கடி டிராக்டரை!"

மறுபடியும் தள்ளினார்கள், சேற்றில் வழுக்கி வழுக்கி. தாப்கிகென் ஓடிப்போய் மட்கார்டில் ஏறிக்கொண்டாள். "தொலைச்சவ நான், நானும் வர்றேன்!" ஒற்றைக் கண் விளக்கோடு அந்தச் சிவப்பு டிராக்டர் வேலியைத் தாண்டி, வடக்கே திரும்பி, மழைக்குள் மறைந்தது.

பெண்கள் வீட்டுக் கூரைக்குக் கீழே ஓடினார்கள். ஜெமேலி மட்டும் குழியருகே நின்றாள். அவள் நிலத்துக்காக அந்த மனிதர் மழையில் போகிறார். அந்த மனிதர்! நெஞ்சு நிறைந்து அழுகையாக வந்தது, அடக்கவில்லை. காலுக்குக் கீழே சேவல் இன்னொரு முறை கூவிவிட்டு ஓய்ந்தது.

அப்போதுதான் தெற்கிலிருந்து அந்த உறுமல் கேட்டது. பெரிய எந்திரம். கிப்தாலம் போன திசைக்கு நேர் எதிர்த் திசை. இரண்டு கண்ணும் பளிச்சென்று எரிய, பின்னால் வட்டுக்கலப்பையை உயர்த்திக்கொண்டு, அது அவள் வேலிக் கதவை நோக்கி வளைந்தது. ஃபோனை யாரும் எடுக்கவில்லை என்றதும் கிமாயோ விடியும்வரைகூடக் காத்திருக்கவில்லை.

ஜெமேலி கண்ணைத் துடைத்தாள். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், கதவைச் சாத்தி, அதன் குறுக்கே நின்றாள்.